வெறும் பெட்டி திரும்பாத வீடு

திங்கட்கிழமை, பிற்பகல் 3.20

ரொறன்ரோ விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பயணப் பையிலிருந்த தகர ரின்னை எடுத்து ஆட்டிப் பார்த்தார். பிறகு மூடியைத் திறந்தார். உள்ளே இரண்டு கிலோ மரமுந்திரிகைப் பருப்பு இருந்தது. ஊரில் கஜு என்போம். "எல்லாமே நட்ஸா?" என்று கேட்டார். ஆம் என்றேன். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மூடித் தந்தார். உடைந்த பருப்பு ஒன்றுகூட அதில் இல்லை என்பதை அவர் கவனித்தாரோ தெரியாது. வாழைச்சேனைப் பக்கத்தில் வாங்கி, இரண்டு பின்னேரம் உட்கார்ந்து நானே தெரிந்தெடுத்தவை.

மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு ரயிலில் ஒன்பது மணித்தியாலம், வளைகுடாவில் விமானம் மாற ஐந்து மணித்தியாலம், பிறகு பதினான்கு மணித்தியாலம் ஆகாயத்தில். ஐம்பத்தொன்பது வயதில் முழங்காலுக்கு இது ஒத்துவரும் பயணமல்ல. ஆனாலும் நான்கு பழைய எழுத்துக் கொப்பிகளுக்காக வந்தேன்.

அதைச் சொல்லிவிட வேண்டும். ஏழு வருடமாக நான் பழைய உரோமாபுரியின் அங்கதங்களைத் தமிழாக்கி வருகிறேன். எனக்கு இலத்தீன் தெரியாது. ஆங்கிலம் வழியாகத்தான் வேலை. அச்சகத்தில் பிழை திருத்திச் சம்பாதித்தவனுக்கு அதற்கு மேல் வழியில்லை. அழுகை இரண்டு மொழி தாண்டினாலும் அழுகையாகவே வந்து சேருகிறது. பகிடி அப்படி வருவதில்லை. பாதி வழியில் இறங்கிவிடுகிறது. காவியத்தையும் நாடகத்தையும் கிரேக்கரிடம் கடன் வாங்கிய உரோமர், அங்கதம் மட்டும் தங்கள் சொந்தச் சரக்கு என்று பெருமைப்பட்டவர்கள். பணக்காரரின் விருந்து, தன் கவிதையைப் பிடித்து வைத்து வாசித்துக் காட்டும் கவிஞன், விடியற்காலையில் பிரபுவின் வாசலில் வணக்கம் சொல்ல ஓடும் கூட்டம் என்று எதையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை.

அவர்கள் விரும்பிக் கேலி செய்த தொழில் ஒன்று உண்டு. பிள்ளையில்லாத பணக்காரக் கிழவர்களைத் தேடிப் பிடித்து, பரிசு கொடுத்து, அவர்கள் சொல்லும் பழைய பகிடிக்குச் சிரித்து, தும்மினால் துடித்து, உயிலில் பெயர் வாங்குவது. கிழவர்களும் இலேசுப்பட்டவர்கள் அல்லர். பரிசு குறைந்தால் கொஞ்சம் கூடுதலாக இருமுவார்கள். அந்தப் பகுதியில்தான் என் மொழிபெயர்ப்பு ஒன்றரை வருடமாக நின்றுபோயிருந்தது.

அப்போதுதான் பரிபூரணம் ரீச்சரைப் பற்றிக் கேள்விப்பட்டேன். எங்கள் ஊர் மிஷன் பள்ளிக்கூடத்தில் இலத்தீன் படிப்பித்தவர். பாடத்தை நிறுத்தியபின் ஆங்கிலம் படிப்பித்தார். அந்தக் காலத்தில் இலத்தீனிலிருந்து நேரே தமிழுக்கு அங்கதங்களைக் கொண்டுவந்து நான்கு கொப்பிகள் நிறைய எழுதியிருந்தாராம். பிறகு தமையன் கூப்பிட்டுக் கனடாவுக்குப் போய்விட்டார். கலியாணம் செய்யவில்லை. இப்போது வயது எண்பத்தாறு.

என் மனைவியின் தம்பி யோகன் ஸ்காபரோவில் இருக்கிறான். தொலைபேசியில் விசாரித்தேன். "பரிபூரணம் ரீச்சரோ? நாங்கள் செவ்வாய்க்குச் செவ்வாய் போறனாங்கள் அத்தான்" என்றான். அடுத்த மாதமே பயணச்சீட்டு எடுத்துவிட்டேன்.

விமான நிலையத்திலிருந்து ஸ்காபரோவின் மில்லிக்கனில் உள்ள யோகன் வீட்டுக்கு முப்பத்தைந்து கிலோமீற்றருக்கு மேல். மார்ச் மாதக் கடைசி. கடை வளாகங்களின் வாகனத் தரிப்பிடங்களில் பனியைக் கூட்டி மலைபோல் குவித்திருந்தார்கள். புகைப்படங்களில் பார்த்த வெள்ளைப் பனி அல்ல. கரியும் உப்பும் மண்ணும் சேர்ந்து சீமெந்து நிறத்தில் இருந்தது. ஒரு குவியலின் மேல் கடையில் சாமான் தள்ளும் வண்டி ஒன்று தலைகீழாகக் கிடந்தது.

யோகன் வீட்டுக்கு நான் கொண்டுபோனது அரைக் கிலோ மிக்சர். ரீச்சருக்கு இரண்டு கிலோ கஜு. இந்த விகிதம் யோகனின் மனைவி ராகினிக்குத் தெரியவேண்டாம் என்று ரின்னைப் பைக்குள்ளேயே பூட்டி வைத்தேன்.

செவ்வாய், காலை 10.30

காலை ஏழு மணிக்கே வீடு முழுவதும் சுறா மணம். யோகன் பாடசாலைப் பேருந்து ஓட்டுபவன். காலைச் சுற்றை முடித்துக்கொண்டு வருவதற்குள் ராகினி சுறாவை அவித்து, முள் எடுத்து, உதிர்த்து வறைக்குத் தயார் செய்துவிட்டாள். கடைசியில் ஒரு கை முருங்கை இலை போட்டாள்.

"சுறா வறைக்கு முருங்கையிலை போடுறது எங்கட அம்மான்ர முறை அத்தான். இஞ்ச ஸ்காபரோவில நான் மட்டும்தான் இப்பிடிச் செய்யிறன்" என்றாள். ராகினி யாழ்ப்பாணத்துக்காரி, இந்த மாதிரி விசயங்களில் விட்டுக்கொடுக்கமாட்டாள்.

கென்னடி வீதியால் தெற்கே ஏழு கிலோமீற்றர் போனால் ரீச்சர் இருக்கும் டோர்செட் பார்க். போகும் வழியில், தன் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, யோகன் காரை மெதுவாக்கி ஒரு செங்கல் வீட்டைக் காட்டினான். ரீச்சரின் தமையன் இறந்தபோது அவருக்கு வந்த வீடு. வாடகைக்கு விட்டிருக்கிறார். "பனி விழுந்தா நான்தான் வந்து தள்ளிக் குடுக்கிறது" என்றான் யோகன். வாடகைக்கு இருப்பவர்களும் தள்ளலாமே என்று கேட்க நினைத்தேன்.

ரீச்சர் இருப்பது அடுக்குமாடியின் பதினான்காம் மாடியில், ஒற்றைப் படுக்கையறை வீட்டில். மெலிந்த உருவம். வீட்டுக்குள்ளேயே கம்பளித் தொப்பியும் வெள்ளை ஓட்டச் சப்பாத்தும் போட்டிருந்தார். எங்களைக் கண்டதும் ஒரு தரம் இருமினார். ராகினி பையைக் கீழே போட்டுவிட்டுச் சுடுதண்ணீர் வைக்க ஓடினாள். யோகன் யன்னலைச் சாத்தினான். அது ஏற்கெனவே சாத்தித்தான் இருந்தது.

"ரீச்சர், இவர்தான் எங்கட அத்தான். உங்கட கொப்பியளைப் பற்றிக் கேக்க ஊரில இருந்து வந்திருக்கிறார்" என்றான் யோகன்.

"எந்தக் கொப்பி?"

"இலத்தீனில இருந்து நீங்க தமிழுக்குக் கொண்டுவந்த அங்கதங்கள், ரீச்சர்" என்றேன்.

"ஐயோ தம்பி, அது முப்பத்தைஞ்சு வருசத்துக்கு முந்தி வீடு மாறக்குள்ள குப்பையில போயிட்டுது."

பதினையாயிரம் கிலோமீற்றர் வந்த மனிதனிடம் இதைச் சொல்லும்போது ரீச்சரின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ஏதாவது கேட்க வேண்டுமே என்று, எத்தனை கொப்பி இருந்தது என்று கேட்டேன். "நாலு. நீலக்கோடு போட்ட எண்பது பக்கக் கொப்பி" என்றார் யோசிக்காமலே. முப்பத்தைந்து வருடத்துக்கு முன் குப்பையில் போன சாமானுக்கு இவ்வளவு நினைவா என்று எனக்குள் ஒரு சின்ன நம்பிக்கை முளைத்தது. இங்கே அடிக்கடி வந்து போக வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

பேச்சை வளர்ப்பதற்காக என்னைப் பற்றியும் சொன்னேன். கல்லடியில் எனக்கு ஒரு பெரியப்பா இருக்கிறார்; வாவிக்கரையில் பெரிய வளவு; பிள்ளைகள் இல்லை; எண்பத்தொரு வயது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மீன் கறியும் சோறும் நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பது. மழை வெள்ளம் என்றாலும் தவறியதில்லை.

"நல்லது. பெட்டி வெறுமனே வருமா?" என்று கேட்டார் ரீச்சர்.

"இல்ல ரீச்சர். அவர் தன்ட கையால நண்டுக்கறி வச்சுத் தருவார். இந்த வயசிலயும் என்ன கைப்பக்குவம்!"

ரீச்சருக்கு இருமல் வந்துவிட்டது. இந்த முறை உண்மையான இருமல் போலத்தான் இருந்தது. கண்ணில் தண்ணீரே வந்தது.

புறப்படும்போது ராகினியின் சுறா வறையைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, போன கிழமைப் பெட்டியை எடுத்துத் தந்தார். "வெறும் பெட்டி குடுக்கக்கூடாதெண்டு எங்கட அம்மா சொல்லி வளத்தவ" என்றார். இதைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. அயல்வீட்டுப் பாத்திரம் உங்களிடம் வந்தால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் திருப்ப வேண்டும். கடல் தாண்டியும் கைவிடாத வழக்கங்களில் அது ஒன்று.

காரில் ஏறியதும் ராகினி மூடியைத் திறந்தாள். கத்தரிக்காய்ப் பால்கறி.

"பாத்தீங்களே அத்தான், எண்பத்தாறு வயசில எங்களுக்கெண்டு கத்தரிக்காய் பொரிச்சுக் கறி வச்சிருக்கிறா. வேற ஒருத்தருக்கும் இப்பிடிச் செய்யமாட்டா."

"அந்த வீட்டைப் பற்றி ஏதும் சொன்னவவோ?" என்று கேட்டான் யோகன், வீதியைப் பார்த்தபடி.

"வாய் திறந்து கேக்கிற விசயமே அது? தன்ர கையால சமைச்சுத் தாறதிலயே விளங்கேல்லையே?"

நான் பின் ஆசனத்தில் இருந்தேன். ஏழு வருடம் உரோமாபுரியில் குடியிருந்தவனுக்கு விளங்காமல் இருக்குமா? விளங்கியது. கொஞ்சம் இளக்காரமாக யன்னலால் வெளியே பார்த்தேன்.

வெள்ளி, காலை 11.10

இம்முறை தனியாகப் போனேன், ரின்னுடன். கென்னடி வீதிப் பேருந்து, இலக்கம் 43. கட்டணம் காசாகக் கொடுத்தால் மூன்று டொலர் முப்பத்தைந்து சதம். தரிப்பிடத்து இருக்கையின் சாய்மானத்து விளம்பரப் படத்தில் கோட்டும் ரையும் அணிந்த தமிழர் ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார். வீடு விற்கவும் வாங்கவும் அழைக்க வேண்டிய வரதன். அவருடைய பற்களில் சாய்ந்துகொண்டு பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தேன்.

பதினான்காம் மாடியில் கதவைத் திறந்தது அதே சிரிப்பு.

"அண்ணை, நீங்கள் ஆர்? ரீச்சருக்குச் சொந்தமோ?" என்று கேட்டார் வரதன். கதவை முழுதாகத் திறக்கவில்லை.

"இல்ல. ஊர்க்காரன். ஒரு புத்தக விசயமா வந்த நான்."

"ஓ, புத்தகமோ. எவ்வளவு நாள் நிக்கிறியள்?"

"அடுத்த வெள்ளி போறன்."

கதவு முழுதாகத் திறந்தது. "வாங்கோ அண்ணை, வாங்கோ, இருங்கோ" என்று தன் வீடு போல உபசரித்தார். ரீச்சர் கதிரையில் தொப்பியோடு உட்கார்ந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். மேசையில் வரதன் அன்று கொண்டுவந்த பெட்டி: கத்தரிக்காய்ப் பால்கறி. எண்ணெய் மிதக்கும் அந்த மஞ்சள் நிறத்தைச் செவ்வாய் மத்தியானம் என் சோற்றுத் தட்டில் பார்த்திருந்தேன்.

ரீச்சர் எழுந்து போய் வரதனின் பழைய பெட்டியை எடுத்துவந்தார். "வெறும் பெட்டி குடுக்கக்கூடாது" என்றார். வரதன் மூடியைச் சற்றே நீக்கி மணந்து பார்த்தார்.

"சுறா வறை! பாருங்கோ அண்ணை, முருங்கையிலை போட்டு. உந்தப் பக்குவம் ரீச்சரைத் தவிர ஒருத்தருக்கும் வராது. என்ர மனிசி வைக்கிற கத்தரிக்காய் இதுக்குக் கிட்டவும் நிக்காது. எங்களுக்கு மட்டும்தான் அண்ணை தன்ர கையால செய்து தாறவ" என்றார். குரல் உண்மையிலேயே தழுதழுத்தது. ரீச்சரின் தலையணையைத் தட்டி நிமிர்த்தி வைத்துவிட்டு, ஒரு வீடு காட்டப்போக நேரமாகிவிட்டது என்று புறப்பட்டார்.

கதவு சாத்திக்கொண்டது. நானும் ரீச்சரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"எவ்வளவு காலமா, ரீச்சர்?"

"மூண்டு வருசம். முதல் தரம் தெரியாமத்தான் நடந்தது. பெட்டி கழுவி வச்சிருந்தன்; உள்ள போட ஒண்டும் இல்ல; மற்றவங்கட கறி இருந்தது, போட்டன். அடுத்த கிழமை ரெண்டு பேரும் வந்து புகழ்ந்த புகழ்! அதுக்குப் பிறகு நான் ஏன் நிப்பாட்ட வேணும்?"

"அப்ப நீங்க என்ன சாப்பிடுவீங்க?"

"வாட்டின பாணும் முட்டையும். உறைப்பு எனக்கு ஒத்துவாறதில்ல."

வயிறு குலுங்கச் சிரித்தேன். அவரும் சிரித்தார். இரண்டாயிரம் வருடத்துக்கு முன் உரோமர் எழுதிவைத்ததெல்லாம் பதினான்காம் மாடியில் குளிர்சாதனப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறதே என்றேன். என் மொழிபெயர்ப்பு நின்றுபோன இடத்தையும் சொன்னேன். உயிலுக்காகக் கிழவர்களைச் சுற்றும் அந்தக் கூட்டத்துக்கு நான் 'சொத்து வேட்டையர்' என்று போட்டுப் பார்த்தேன். 'உயில் பிடிப்போர்' என்றும் போட்டேன். இரண்டும் உயிரில்லாமல் கிடந்தன. "நீங்க என்ன சொல் போட்டீங்க, ரீச்சர்?"

"சொந்தக்காரர் எண்டு போட்டன்."

குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டேன். அந்த ஒரு சொல்லுக்காகவே பயணச் செலவு செரித்துவிட்டது என்று தோன்றியது. இப்படி நான்கு கொப்பி நிறைய இருக்குமே என்று நினைத்தபோது மனம் பதறியது.

பிறகு அவராகவே சொன்னார். உயில் எழுதிப் பதினொரு வருடம் ஆகிவிட்டது. தமையனின் மில்லிக்கன் வீடு, அவர் படிப்பித்த பள்ளிக்கூடத்து நூலகத்துக்கு. வழக்கறிஞரைத் தவிர யாருக்கும் தெரியாது.

"அவங்களுக்குச் சொல்லிரலாமே ரீச்சர். பாவம், கத்தரிக்காய் பொரிச்சே களைச்சிருப்பாங்க."

"சொன்னா செவ்வாய்க்கிழமை ஆர் வருவாங்க? வெள்ளிக்கிழமை ஆர் வருவாங்க?"

அதுவரை இருந்த சிரிப்பு அவர் குரலில் இல்லை. யன்னலுக்கு வெளியே நெடுஞ்சாலையில் கார்கள் போய்க்கொண்டிருந்தன. பதினான்காம் மாடிக்குச் சத்தம் வரவில்லை. அங்கதம் எழுதிய எந்த உரோமரும் அந்தக் கிழவர்களின் மற்ற ஐந்து நாட்களைப் பற்றி எழுதியதாக நான் வாசித்ததில்லை.

"யோகனிட்டச் சொல்லிராத" என்றார். சொல்லவில்லை. ரீச்சருக்காக என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில், சொல்லிவிட்டால் கொப்பிக்கு வழியே இல்லாமல் போய்விடும் என்று பயந்தேன். எழுந்து போகுமுன் ரின்னை மேசையில் வைத்தேன். மூடியைத் திறந்து பார்த்தார். ஒரு பருப்பை எடுத்தார். தின்னவில்லை, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

சனி, பிற்பகல் 2 மணி

பயணி என்ற முறையில் ஊர் பார்க்கவும் வேண்டுமே. சுரங்க ரயிலில் நகர மையத்துக்குப் போய், அருங்காட்சியகத்தில் உரோமர் பகுதியைத் தேடிப் பிடித்தேன். பளிங்கில் செதுக்கிய பணக்காரக் கிழவர்களின் தலைகள் வரிசையாக இருந்தன. பாதிப் பேருக்கு மூக்கு உடைந்திருந்தது. ஒவ்வொரு முகமாக நின்று பார்த்தேன். எல்லோரும் இப்போதுதான் ஒரு பெட்டியை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் போல வாயை இறுக்கி வைத்திருந்தார்கள். வெளியே கோப்பியும் ஒரு டோனட்டும் நாலு டொலருக்குள் முடிந்தது.

செவ்வாய், மாலை 5.45

அன்று காலை வயிறு சரியில்லை என்று சாட்டுச் சொல்லி நான் டோர்செட் பார்க்குக்குப் போகவில்லை. ராகினியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த வீட்டில் உட்கார எனக்குத் தைரியம் இல்லை. யோகனும் அவளும் போய் வந்தார்கள்.

மாலையில் தேநீரோடு ராகினி ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். உப்புப் போட்டு வறுத்த கஜு. முழுப் பருப்பு. உடைந்தது ஒன்றும் இல்லை.

"ரீச்சர் தந்துவிட்டவ அத்தான். இந்தமுறை பெட்டி நிறையக் கஜு. எங்களுக்கெண்டு ஊரில இருந்து எடுப்பிச்சிருக்கிறா. இஞ்சத்தக் கடையில இப்பிடி வாங்கேலாது. நீங்கள் நம்பமாட்டீங்கள், ஒண்டுகூட உடையேல்லை."

"நம்புறன்" என்றேன்.

"அத்தான், இனிச் சந்தேகமில்லை" என்றான் யோகன். அவன் கண்ணில் மில்லிக்கன் வீட்டின் செங்கல் தெரிந்தது. "சாப்பிடுங்கோ அத்தான், சாப்பிடுங்கோ" என்று கிண்ணத்தை என் பக்கம் தள்ளினான்.

இரண்டு பின்னேரம் உட்கார்ந்து தெரிந்தெடுத்த என் கஜுவை நானே தின்றேன். நல்ல கஜுதான். முந்திய செவ்வாய் பின் ஆசனத்தில் இருந்து இளக்காரமாகப் பார்த்த நான் இப்போது ஒவ்வொன்றாக எடுத்து மென்றேன். நான் செவ்வாய்க்காரன் அல்ல, வெள்ளிக்காரன் அல்ல. ஆனால் என் ரின்னும் அதே குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால்தான் வரிசையில் நின்றிருக்கிறது.

வியாழன், காலை 10 மணி

கடைசி நாள். கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை. கதிரையில் உட்காராமலே சொன்னேன்.

"ரீச்சர், நான் உங்களைப் பாக்க வரல்ல. கொப்பிக்காகத்தான் வந்த நான். கொப்பி இல்லையெண்டா நான் முதல் செவ்வாய்க்கிழமை பின்னேரமே திரும்பியிருப்பன்."

"தெரியும் மனே" என்றார். தம்பி என்று கூப்பிட்டவர் அன்றுதான் எங்கள் ஊர்ப் பேச்சில் மனே என்றார். "ரெண்டு கிலோ கஜு, ஒண்டும் உடையல்ல. அப்பிடித் தெரிஞ்செடுத்து ஆர் சும்மா கொண்டுவாறது? யோகன்ட பொஞ்சாதி சுறாவில முள்ளெடுக்கிறதும் அப்பிடித்தான். அன்புக்குச் சமைக்கிற சாப்பாட்டில ஒரு முள்ளாவது கிடக்கும்."

கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மனதில் ஒரு பாரம் இறங்கியது உண்மை. அதன் பிறகு இரண்டு மணித்தியாலம் பேசிக்கொண்டிருந்தோம். கொப்பியைப் பற்றி அல்ல. இலத்தீன் பாடத்தை நிறுத்திய வருடம் கடைசி வகுப்பில் இருந்த மூன்று பிள்ளைகளைப் பற்றி, கல்லடிப் பாலத்தைப் பற்றி, பனிக்காலத்தில் மின்தூக்கி பழுதானால் மூன்று நாள் கீழே இறங்காமல் இருப்பதைப் பற்றி. நான் இரண்டு முட்டை பொரித்தேன். பாணோடு சாப்பிட்டோம். அந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த சாப்பாடு அதுதான்.

புறப்படும்போது ரின்னைத் தந்தார். மூடியைச் சுற்றி ஒட்டுநாடா போட்டிருந்தது.

"வெறும் ரின் குடுக்கக்கூடாது. விமானம் மேல போனாப் பிறகு திற" என்றார்.

வெள்ளி, பிற்பகல் 4.30

விமானம் ஏரியைத் தாண்டும் வரை பொறுத்திருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. ஒட்டுநாடாவைக் கிழித்தேன்.

உள்ளே மீதிக் கஜு கொஞ்சம். அதன் மேல் பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு கொப்பி. நீலக்கோடு, எண்பது பக்கம். பக்கங்கள் மஞ்சளாகியிருந்தன, எழுத்து அச்சடித்த மாதிரி. முதல் பக்கத்திலேயே நான் ஒன்றரை வருடம் முட்டிக்கொண்டு நின்ற பகுதி. 'சொந்தக்காரர் காலையிலேயே வந்துவிட்டார்கள்' என்று தொடங்கியது. பக்கத்து ஆசனக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன். அரைவாசிப் பயணம் போனதே தெரியவில்லை.

கடைசி நான்கு பக்கங்கள் மட்டும் புதிய கறுப்பு மையில் இருந்தன, கை கொஞ்சம் நடுங்கிய எழுத்து. அது இலத்தீனிலிருந்து வந்ததல்ல. பதினான்காம் மாடியில் குடியிருக்கும் உரோமாபுரிக் கிழவி ஒருத்தி. செவ்வாயில் சுறாவோடு வரும் ஒரு சாரதி. வெள்ளியில் கத்தரிக்காயோடு வரும் ஒரு வீட்டுத் தரகர். மூன்றாம் பக்கத்தில் கிழக்குத் திசையிலிருந்து ஒருவன் வருகிறான். 'அவன் மற்ற இருவரையும் பார்த்துச் சிரித்தான். கையிலே பருப்பு, கண்ணிலே கொப்பி. தன்னைக் கற்றவன் என்று நினைத்ததால் தன் பெட்டியை மட்டும் அவன் பெட்டி என்று எண்ணவில்லை' என்று எழுதியிருந்தார். என் தொகுப்பில் உள்ள எந்த அங்கதமும் இதற்குக் கிட்ட நிற்காது. அச்சில் போட்டால் யோகன் என்னோடு பேசமாட்டான். போடாமல் விடவும் எனக்கு மனமில்லை.

அடியில் ஒரு குறிப்பு. 'மற்ற மூன்று கொப்பிகளைப் பற்றிப் பிறகு பேசலாம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நான் வேலையின்றி ஆறுதலாக இருப்பேன். அன்று யாரும் வருவதில்லை.'

அடுத்த வெள்ளி, மட்டக்களப்பு, மத்தியானம் 12.15

கென்னடி வீதியில் ஏழு கிலோமீற்றர் போக மூன்று டொலர் முப்பத்தைந்து சதம். கல்லடிக்குச் சைக்கிளில் போக எனக்குச் செலவே இல்லை. வழக்கம்போல மீன் கறியும் சோறும் கொண்டுபோனேன். பெரியப்பா விறாந்தையில் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தார். கனடா எப்படி என்று கேட்டார். குளிர் என்றேன். உள்ளே பெட்டி இருக்கிறது, எடுத்துக்கொள் என்றார்.

பெட்டியை எடுத்தேன். நண்டுக்கறி, இன்னும் இளஞ்சூடு. எத்தனையோ வெள்ளிக்கிழமை இந்தக் குசினிக்குள் வந்திருக்கிறேன். அன்றுதான் அடுப்பைப் பார்த்தேன். அதன் மேல் பழைய பத்திரிகைக் கட்டுகள் இரண்டு, கட்டின கயிறு அவிழாமல் இருந்தன. கயிற்றில் தூசி படிந்திருந்தது. பக்கத்தில் கறி சூடாக்கும் சின்ன மின் அடுப்பு மட்டும் துடைத்து வைத்திருந்தது.

விறாந்தைக்கு வந்தேன். "பெரியப்பா, இந்த நண்டுக்கறி ஆர் வச்ச?" என்று கேட்டேன்.

அவர் பத்திரிகையிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"வியாழக்கிழமை வாறவங்க, மனே" என்றார்.

பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பாலத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். அடுத்த வெள்ளிக்கு மீன்காரனிடம் சொல்லி வைத்தேன்; முள் எடுக்க வேண்டாம் என்றும் சொன்னேன். ஞாயிறு இரவு ஏழரைக்கு, அங்கே காலை பத்து மணிக்கு, ரொறன்ரோவில் ரீச்சருக்கு அழைப்பு எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். பேச்சுக்கு முன்னால் ஒரு இருமல் கேட்டது.